விடியா டூல்

ஓமந்தூர் பக்கம் லேத் பட்டறைகளுக்கு கட்டிங் டூல் விற்க வரும் ரெப்புக்கு முதல் சோதனை, பொருளின் பெயர். 1926-இல் ஜெர்மனியின் க்ரூப் கம்பெனி டங்ஸ்டன் கார்பைடுக்கு ‘விடியா’ என்று பெயர் வைத்தது. வைரம் மாதிரி என்று அர்த்தமாம். நம்மூரில் காலங்காத்தாலே யாராவது அந்த வார்த்தையைச் சொல்வார்களா?

“ஹை ஸ்பீட் ஸ்டீல் 600 டிகிரியிலேயே இளகிடும்ணே. இது 800-ஐயும் தாங்கும்!”

மேஸ்திரி, சாணைக்கல்லில் தீட்டித் தீட்டிச் சுண்டுவிரல் அளவுக்குத் தேய்ந்த டூல் பிட்டைத் தண்ணியில் முக்கினார். கரும்பு டிரெய்லருக்கு புஷ் கடைய அதுவே தாராளம்.

“கடன் எத்தினி நாள் தாங்கும் தம்பி?”

சிபாரிசுக்கு மசியாத, அந்தக்கால சென்னை மாகாண பிரீமியர் ஓமந்தூராரின் மண்ணாச்சே! ரெப்புக்குக் கிடைத்தது ஒரு டீ. அதற்கும் காசு கொடுத்தது ரெப்புதான்.