பொருளுரை இயல்

பயில்வோய், கேள். அகரமுதலி கொண்டு ஆங்கிலச் சொல்வளம் பெருக்க விழைவோன் முதற்கண் அறியத்தக்கது சொல் அன்று; சொல்லுக்குக் கூறப்படும் பொருளுரையே. அஃது ஐவகைப்படும்: இருளுரை, சுழலுரை, குத்துரை, வேலியுரை, பேயுரை.

1. இருளுரையாவது, அறியாச் சொல்லை அதனினும் அறியாச் சொல்லால் உணர்த்துவது. சாமுவேல் சான்சன் 1755-இல் வெளியிட்ட அகரமுதலி, 'நெட்வொர்க்' என்பதற்கு 'ரெட்டிகுலேட்டட்', 'டெக்கசேட்டட்' என்னும் சொற்களால் பொருள் கூறிற்று. இதன் கிளை இரண்டு:
அ. ஓரிருள்: ஒருகால் ஏடு புரட்ட விலகுவது.
ஆ. தொடரிருள்: புரட்டப் புரட்டப் பெருகுவது. இதனுள் புகுந்தோன் பத்துச் சொல் கற்பான். தேடிப் புறப்பட்டதை மறப்பான். சொல்வளத்துக்கு இதுவே சிறந்தது.

2. சுழலுரையாவது, முதற்சொல் இரண்டாவதைக் காட்ட, இரண்டாவது முதற்சொல்லைக் காட்டுவது. இரு சொல்லால் அமைவது குறுஞ்சுழல். மூன்றும் அதற்கு மேலும் உடையது நெடுஞ்சுழல். நெடுஞ்சுழலில் பயில்வோன் தொடங்கிய இடத்தை மறந்துவிடுதலின், முன்னேறிய உணர்வு மிகும்.

3. குத்துரையாவது, பொருளோடு உரைப்போன் காழ்ப்பும் கலந்தது.
அ. பிறர்க்குத்து: 'ஓட்சு' இங்கிலாந்தில் குதிரைக்கும் இசுக்காட்லாந்தில் மக்களுக்கும் உணவு எனச் சான்சன் உரைத்தது.
ஆ. தற்குத்து: அகரமுதலி தொகுப்போனைத் தீங்கற்ற மாட்டுழைப்பாளி என அவரே இகழ்ந்தது.
குத்துரையால் கற்ற சொல் மறவாது.

4. வேலியுரையாவது, பொருள் கூறும் சொற்களுக்கு எல்லை வகுப்பது. 1935-இல் மைக்கேல் வெசுட்டும் எண்டிகாட்டும் 1,490 சொற்களுக்குள் நின்றே 24,000 உருப்படிகளுக்குப் பொருள் எழுதினர். 1978-இல் வந்த இலாங்மன் கற்போர் அகரமுதலி ஏறத்தாழ 2,000 சொற்களால் வேலி கட்டிற்று. வெசுட்டின் வேலிக்குள் 1,490 சொல்லும் அறிந்தோன் எல்லாம் அறிவான். 1,489 அறிந்தோன் நிலை தனி ஆய்வுக்குரியது.

5. பேயுரையாவது, பொருள் உண்டு, சொல் இல்லை என்னும் நிலை. அடர்த்தியின் குறுக்கம் 'டி ஆர் டி', அதாவது பெரிய 'டி' அல்லது சிறிய 'டி', என்று குறித்த சீட்டை ஒரே சொல்லாகப் படித்தமையால், 1934-ஆம் ஆண்டு வெப்சுடர் அகரமுதலியில் 'டோர்டு' பிறந்தது. 1939-இல்தான் அது பேயென அறிந்தனர். இடைப்பட்ட காலத்தில் அதனைக் கற்றோர் சொல்வளம் ஒரு சொல் மிகுந்ததா, குறைந்ததா என்பதில் இரு கொள்கை உண்டு. மிகுந்தது என்பதே நம் கோள்.

பயில்வோய், இவ்வைந்தையும் கிளைகளோடு நெட்டுருச் செய்து வருக. ஆங்கிலச் சொற்கள் பின்னர்க் கற்பிக்கப்படும்.