எங்கள் மலைகளை மேம்படுத்திவிடாதீர்கள்

அனுப்புநர்:
வேனுக்கு ஆள் சேர்ப்பவன்,
மதுரை.

பெறுநர்:
உயர்திரு அட்டவணை அதிகாரி அவர்கள்,
மரபுச் சுற்றுலாப் பிரிவு,
(எந்தத் துறையானாலும் சரி).

பொருள்: குழுச் சுற்றுலா – மதுரை சுற்றுவட்டாரத் தொன்மையான இடங்கள் – மேம்படுத்தாமல் விடக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. தங்களது ‘ஒரே நாளில் மதுரை’ அட்டவணை.
2. மாங்குளம் மலைக் கல்வெட்டு, ஏறத்தாழ கி.மு. 2ஆம் நூற்றாண்டு (இதுவரை நடவடிக்கை இல்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

பெறுநர் இடத்தில் துறையின் பெயரை எழுதாமல் விட்டதற்கு முதலில் மன்னிக்க வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் என்றால் அறநிலையத் துறை. நாயக்கர் மகால் என்றால் மாநிலத் தொல்லியல் துறை. சமணர்மலைச் சிற்பங்கள் என்றால் ஒன்றியத் தொல்லியல் துறை. அந்த அடிவாரத்துக்கு வரும் ரோடு வேறொருவருடையது, அதில் வரவேண்டிய பஸ் மற்றொருவருடையது, கீழே கிடக்கும் பிளாஸ்டிக் தட்டு யாருடையதும் இல்லை. ஆகவே இக்கடிதம் யார் மேசைக்கு வந்தாலும், “எங்களுக்கு உரியதன்று” என்று எழுதி அடுத்த மேசைக்குத் தள்ளிவிடலாம். ஒரு சுற்று வந்து முடிவதற்குள் நாங்கள் ஒரு மலை ஏறி இறங்கிவிடுவோம்.

அடியேனின் தொழில் எளிமையானது. சொந்தக்காரர்கள், பழைய மாணவர்கள், காலனிக்காரர்கள் என்று பதினெட்டுப் பேரைச் சேர்த்து ஒரு வேனில் ஏற்றி மதுரையைச் சுற்றிக் காட்டுவது. வரலாறு பார்க்க வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். வேன் கிளம்பியதும் ஏசி வேலை செய்கிறதா, முன்சீட்டு யாருக்கு, பெரியம்மாவின் முட்டிக்கு எத்தனை படி தாங்கும், மத்தியானச் சாப்பாடு இலையிலா தட்டிலா என்பவைதான் விவாதப் பொருள்கள். இவ்வளவையும் சமாளித்து ஒரு பயணத்தைத் திட்டமிடுகிறவன் என்ற முறையில், தங்கள் அட்டவணையைப் பார்த்தபோது எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. காலை மீனாட்சி, ஒன்பதுக்கு மகால், பத்தேகாலுக்குத் தெப்பக்குளம், பத்து நாற்பதுக்குக் காந்தி மியூசியம், பதினொன்றரைக்கு அழகர்கோயில், மாலை திருப்பரங்குன்றம், இரவு ஜிகர்தண்டா. இதில் ஜிகர்தண்டாவுக்கு முழுதாக நாற்பது நிமிடம். தெப்பக்குளத்துக்கு இருபத்தைந்து, அதிலும் டிராஃபிக் சேர்த்தி.

1645இல் திருமலை நாயக்கர் வெட்டிய அந்தக் குளத்தை வேன் நிற்காமலே ஒரு சுற்று சுற்றிக் காட்டும் முறை தங்கள் கண்டுபிடிப்புகளில் சிறந்தது. குளத்துப் பக்கம் சீட்டுக் கிடைத்தவர்கள் குளத்தைப் பார்க்கிறார்கள். மற்றப் பக்கம் இருப்பவர்கள் கடைகளைப் பார்க்கிறார்கள். இரண்டு தரப்பும் ‘தெப்பக்குளம் பார்த்தாச்சு’ என்று கணக்கு எழுதிக்கொள்கின்றன.

மகாலுக்குத் தாங்கள் ஒதுக்கிய நேரமும் பொருத்தமே. 1636இல் அதே திருமலை நாயக்கர் கட்டிய அரண்மனையில் இன்று நிற்பது ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான். பேரன் சொக்கநாதர் பெயர்த்தெடுத்துத் திருச்சிக்குக் கொண்டுபோனது போக மிஞ்சியது அது. மிஞ்சியதை நம் மக்கள் விடவில்லை. கைக்கு எட்டும் உயரம்வரை தூண்களில் தங்கள் பெயர், காதலியின் பெயர், ஓர் அம்பு, ஓர் இதயம் என்று கீறி ஆவணப்படுத்தியிருக்கிறார்கள். பின்னால் வரும் ஆய்வாளர்கள் எங்களைப் படிக்கச் சிரமப்பட மாட்டார்கள்.

மீனாட்சி கோயிலுக்குள் செல்போன் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு வந்த கட்டுப்பாடு அது. ஆனால் போனில்லாமல் பதினெட்டுப் பேர் உள்ளே போனால் என்ன ஆகும் என்பதற்கு அட்டவணையில் ஒரு வரி இல்லை. கிழக்கு வாசலில் செருப்பை விட்டவர் மேற்கில் வெளியே வருகிறார். தெற்கே வந்தவர், இதுதான் கிழக்கு என்று சாதிக்கிறார். நாலு திசையிலும் ஒன்றுபோல் உயர்ந்து நிற்கும் கோபுரங்களுக்குக் கீழே என் குழு நாலு அணியாகப் பிரிந்து, வெறுங்காலோடு சித்திரை வீதிகளை வலம் வருகிறது. பொற்றாமரைக் குளத்துப் படியில் கூடுங்கள் என்று ஒரு பலகை போதும். அது பிரசாதக் கடைக்கு இருக்கிறது, எங்களுக்கு இல்லை.

காந்தி மியூசியத்தைச் சேர்த்ததற்கு நன்றி. ராணி மங்கம்மாளோடு தொடர்புடைய அரண்மனையில் 1959இல் நேரு திறந்துவைத்தது. காந்தியின் ரத்தக்கறை படிந்த துணி அங்கே இருக்கிறது. ஆனால் 1921 செப்டம்பர் 22ஆம் தேதி காந்தி தன் மேலாடைகளைக் களைந்து முழத்துண்டுக்கு மாறியது மேலமாசி வீதியில் ஒரு வீட்டில். அந்த இடம் தங்கள் அட்டவணையில் இல்லை. காரணம் எனக்குப் புரிகிறது: அங்கே வேன் நிறுத்த இடமில்லை. வரலாற்றின் பெரிய குறையே அதுதான் ஐயா, பார்க்கிங் வசதி பார்த்து அது நடப்பதில்லை.

இனி மலைகள். மதுரையைச் சுற்றிச் சமணர்மலை, யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கொங்கர்புளியங்குளம், முத்துப்பட்டி, விக்கிரமங்கலம் என்று எத்தனையோ குன்றுகளில் சமணத் துறவிகளின் கற்படுக்கைகள் இருக்கின்றன. பலவற்றில் தமிழி என்னும் பழைய எழுத்தில் கல்வெட்டுகளும் உண்டு. மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாளர் கடலன் வழுதி, நந்தசிரி குவன் என்ற துறவிக்குப் படுக்கை அமைத்துக் கொடுத்ததைப் பாறை இன்றும் சொல்கிறது. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழு, அதாவது நிகமம், கொடை கொடுத்ததும் அங்கே பதிந்திருக்கிறது. அந்தக் கல்வெட்டை ராபர்ட் சுவெல் 1882இல் கண்டார். ஐராவதம் மகாதேவன் அறுபதுகளில் அதில் நெடுஞ்செழியன் பெயரைப் படித்துக் காட்டினார். நம் பாடப்புத்தகத்துப் பாண்டியன் ஒருவன் பாறையில் கிடைத்தான். அவ்வளவும் நடந்தும் தங்கள் அட்டவணையில் அவனுக்கு இடம் கிடைக்கவில்லை.

அக்காலத்தவருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவர்கள் படுக்கை வெட்டிக் கொடுத்துவிட்டுப் பெயரைப் பொறித்தார்கள். மகாலில் கீறுகிறவர்கள் பெயரை மட்டும் பொறிக்கிறார்கள். திறப்புவிழாக் கல்லில் தாங்கள் எதுவும் வெட்டிக் கொடுக்காமலே இருபது பெயர் பொறிக்கிறீர்கள்.

சமணர்மலை இருக்கும் கீழக்குயில்குடிக்கு ஒருமுறை வாருங்கள். அடிவாரத்தில் அய்யனார் கோயில், தாமரைக் குளம், ஆலமரங்கள். மேற்புறச் சரிவில் செட்டிப்புடவு. குகையில் வீற்றிருக்கும் தீர்த்தங்கரரின் நீண்ட காதுகளைப் பார்த்து ஊர்மக்கள் அவரைச் செட்டியார் ஆக்கிவிட்டார்கள். சமயம் மறந்துபோனாலும் மரியாதை குறையவில்லை. பேச்சிப்பள்ளத்தில் சுனைக்கு மேலே வரிசையாகச் சிற்பங்கள். செய்வித்தவர் பெயர்கள் கீழே வட்டெழுத்தில். இந்த இடத்தில் அரசின் பங்களிப்பு என்று ஒரு நீலப் பலகை நிற்கிறது. அதைப் படித்தால், இங்கே என்ன செய்தால் ஈராண்டு சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்பது தெரியும். இங்கே என்ன இருக்கிறது என்பது தெரியாது. என் குழுவில் ஒருவர் அந்தப் பலகையைப் படித்துவிட்டு, “ஏதோ கேஸ் நடக்கிற இடம் போல” என்று வேனுக்குத் திரும்பிவிட்டார்.

இப்படித் தாங்கள் கண்டுகொள்ளாமல் இருப்பதைக் குறை சொல்ல வந்தேன் என்று நினைத்துவிட வேண்டாம். நன்றி சொல்லத்தான் வந்தேன். அதிகாரத்தின் கண் ஒரு மலைமேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை நாங்கள் பார்த்துவிட்டோம். யானைமலையில் மாறன் காரி தொடங்கி, அவன் தம்பி மாறன் எயினன் முடித்த குடைவரைக் கோயில் கி.பி. 770ஐச் சேர்ந்தது. 2010இல் அந்த மலைக்கு ஒரு யோசனை வந்தது: ‘சிற்ப நகரம்’ ஆக்குவோம். மலையே ஒரு சிற்பமாகப் படுத்திருக்கும்போது அதைச் செதுக்கிச் சிற்பமாக்குவது எப்படி என்று கேட்டு ஊர்மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நின்றது. பிறகு அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று சுமார் 193 ஹெக்டேரை அறிவித்தார்கள். சரியாக இரண்டு வருடத்தில், 2024 நவம்பரில், அதையும் உள்ளடக்கிய பெரும் பரப்பு டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போய்விட்டது என்று செய்தி வந்தது. மேலூர்ப் பக்கத்து மக்கள் மதுரைக்கு நடந்தே வந்தார்கள். எங்கள் மாவட்டத்தில் நடந்த மிகப் பெரிய மரபுக் குழுப் பயணம் அதுதான். 2025 ஜனவரி 23இல் ஏலம் ரத்தானது. தாங்கள் அட்டவணை போடாமலே, வேன் இல்லாமலே, சாப்பாட்டு டோக்கன் இல்லாமலே ஒரு பயணம் முழு வெற்றி பெற்றதைத் தங்கள் ஆண்டறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

இன்னொரு செய்தியும் தங்கள் காதுக்கு எட்டியிருக்காது. யானைமலைக்காக எழுந்த குரலின் தொடர்ச்சியாக 2010இல் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் ‘பசுமை நடை’ என்று ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் ஒரு மலை. அந்த ஒரு நடைக்கு ஓர் இடம்தான், ஏழு இடமல்ல. தொல்லியல் அறிஞர் சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார்கள். கையில் அச்சிட்ட தாள் ஒன்று, பிறகு மரத்தடியில் காலைச் சாப்பாடு. பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் ஏறினார்கள், ஊன்றுகோலோடு வந்தவர்களும் ஏறினார்கள். ஒரு துறை செய்யவேண்டியதை ஒரு தாளும் இட்லியும் செய்துவிட்டன. தங்கள் பட்ஜெட் தலைப்புகளில் இட்லி இருக்கிறதா என்று தெரியவில்லை.

மக்களுக்கு ஆர்வமில்லை என்றும் சொல்ல முடியாது. 2019இல் கீழடியில் ஐந்தாம் கட்ட அகழாய்வு நடந்தபோது வெயிலில் வரிசை கட்டி நின்றார்கள். கண்ணுக்குத் தெரிந்தது செங்கல் வரிசையும் உறைகிணறும்தான். மாளிகையோ தங்கக் குவியலோ இல்லை. ஆனாலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளையும் பேரன் பேத்திகளையும் கூட்டிக்கொண்டு வந்து குழிக்குள் எட்டிப் பார்த்தார்கள். 2023 மார்ச் 5இல் அங்கே அருங்காட்சியகம் திறந்த பிறகு என் வேனுக்கும் ஒரு நல்ல காலம் பிறந்தது. சொல்லிக்கொடுக்க ஆளிருந்தால் எங்கள் ஜனம் ஒரு பானை ஓட்டின் முன்னால்கூட அரைமணி நேரம் நிற்கும் என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த அரைமணி நேரத்தில் பெரியம்மா முட்டி வலியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிநாட்டு முன்மாதிரி இல்லாமல் தங்கள் கோப்பு நகராது என்பதால் இரண்டு தருகிறேன். 1841 ஜூலை 5 அன்று தாமஸ் குக், இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை ஆளுக்கு ஒரு ஷில்லிங் வாங்கி ரயிலில் கூட்டிப்போனார். இன்றைய குழுச் சுற்றுலாத் தொழிலின் தொடக்கம் அது என்பார்கள். போனவர்கள் மதுவிலக்குக் கூட்டத்துக்குப் போனவர்கள். நம் மலையடிவாரத்துப் பாட்டில் சில்லுகளைப் பார்த்தால் தொழில் அதன்பின் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது விளங்கும். இரண்டாவது, இத்தாலியின் பாம்பெய். 2024 நவம்பரிலிருந்து ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் உள்ளே விடுவதில்லை. ஒரு நகரத்துக்கே அவர்கள் வரம்பு வைக்கிறார்கள். செட்டிப்புடவில் என் ஒரு வேன் ஆட்கள் சேர்ந்தாற்போல் நுழைந்தாலே செட்டியாருக்கு மூச்சு முட்டும்.

ஆகவே, கீழ்க்கண்டவற்றைச் செய்யாமல் இருந்து உதவுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்:

1. அடிவாரத்தில் ‘ஐ லவ் சமணர்மலை’ என்று சிவப்பு இதயம் வைத்து எழுத்துகள் நிறுத்த வேண்டாம். காதல் ஏற்கெனவே தூண்களில் போதுமான அளவு இருக்கிறது.

2. பாறைமேல் லேசர் காட்சி வேண்டாம். இருட்டில் தேனீக்கள் தூங்கும்.

3. அகிம்சைக்கு உயிர் கொடுத்த துறவிகளின் குகைக்கு எதிரே தந்தூரி அடுப்போடு ஃபேமிலி ரெஸ்டாரன்ட் வேண்டாம்.

4. சிற்பங்களுக்குப் பெயிண்ட் அடிக்க டெண்டர் விட வேண்டாம்.

5. மேற்கண்ட எதையும் செய்யாததற்காகத் திறப்புவிழாக் கல் வைக்க வேண்டாம்.

கை சும்மா இருக்காது என்றால் செய்யத் தடையில்லாத வேலைகள் சில உண்டு. நீலப் பலகைக்குப் பக்கத்திலேயே இன்னொரு பலகை: இங்கே யார் இருந்தார்கள், யார் கொடுத்தார்கள், எந்த எழுத்தில் எழுதினார்கள் என்று பத்து வரி, தமிழில். அடிவாரத்தில் தண்ணீர் வரும் கழிப்பறை ஒன்று, பூட்டுப் போடாமல். அந்தந்த ஊர்ப் பிள்ளைகளில் நாலு பேருக்குக் கல்வெட்டுப் படிக்கச் சொல்லிக்கொடுத்து, கதை சொல்ல நாட்கூலி. அட்டவணையில் ஒரு நாளைக்கு ஒரு மலை. பள்ளிக்கூடங்களின் கல்விச் சுற்றுலாவில், தண்ணீர்ச் சறுக்குப் பூங்காவுக்குப் போவதற்கு முன்னால் ஒரு காலை நேரம். பூங்கா மத்தியானமும் அங்கேதான் இருக்கும். இவற்றுக்கான செலவு ஒரு லேசர் விளக்கின் வாடகையைத் தாண்டினால் வித்தியாசத்தை எங்கள் வேன் பொறுப்பேற்கும்.

இதில் எதுவும் இயலாது என்றால் பழையபடி எங்களை மறந்துவிடுங்கள். அந்தப் பணியில் தங்கள் அனுபவம் நீண்டது, அதில் எங்களுக்கு முழு நம்பிக்கை உண்டு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வேனுக்கு ஆள் சேர்ப்பவன்.

நகல்:
1. திரு. கடலன் வழுதி, மாங்குளம் – தகவலுக்காக. தங்கள் கொடைக்கு ரசீது கேட்டு ஆடிட் வரக்கூடும், பாறையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளவும்.
2. செட்டியார், செட்டிப்புடவு – தகவலுக்காக.
3. வேன் டிரைவர் – உரிய நடவடிக்கைக்காக. ஞாயிறு காலை ஐந்தரை, டீசல் போட்டுவிட்டு வரவும். ஒரே இடம்தான்.