180 நாள் வழக்கு

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு பள்ளிக்கூடம் ஆண்டொன்றுக்கு 180 நாள் நடந்தாக வேண்டும் என்பது நெடுங்காலமாக வழங்கிவந்த நியதி; 2023 முதல் அதற்குப் பதிலாக மணிக்கணக்கையும் சட்டம் ஏற்கிறது. 179 நாள் நடந்தால் கல்வி குறைந்துவிடும் என்றோ, 181 நாள் நடந்தால் வழிந்துவிடும் என்றோ யாரும் நிரூபித்ததாக நான் கேள்விப்படவில்லை. ஆயினும், உத்தியோக காலம் முழுவதையும் சர்க்கார் தணிக்கை இலாகாவில், ஏட்டுக்கும் ரொக்கத்துக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத் தேடுவதிலேயே செலவிட்டவனாகையால், காரணம் சொல்லாமல் கம்பீரமாக நிற்கும் அந்த எண்ணைக் கேட்டவுடன் எனக்கு அதன்மீது ஒரு தனி மரியாதை பிறந்துவிட்டது. ஜூன் 30ஆம் தேதியோடு பள்ளி ஆண்டுக் கணக்கு மூடப்பட வேண்டும். நடுவில் வானத்திலிருந்து பனி கொட்டிப் பள்ளியை மூட நேர்ந்தால், போன நாளை எங்கிருந்தாவது கொண்டுவந்து ஈடு கட்ட வேண்டும். வசந்தகால விடுமுறையில் கை வைக்கலாம்; அல்லது கோடை விடுமுறையின் தலைப்பக்கத்தை நறுக்கலாம். இரண்டும் வேண்டாமென்பவர்களுக்கு 2019ஆம் ஆண்டின் 64ஆம் சட்டம் மூன்றாவதாக ஓர் உபாயத்தை அருளியிருக்கிறது: கல்வி இலாகாவின் அனுமதி பெற்ற பள்ளிகள், ஆண்டுக்கு ஐந்து நாள் வரை, பிள்ளைகளை அவரவர் வீட்டிலேயே கணிப்பொறி முன் உட்காரவைத்துப் பாடம் நடத்திவிட்டு, அதைப் பள்ளி நடந்த நாளாகவே எழுதிக்கொள்ளலாம்.

இந்த மூன்றாவது உபாயம் தகுமா தகாதா என்னும் தர்க்கம்தான், பிலடெல்பியாவின் புறநகர் ஒன்றில் இருக்கும் என் மகன் வீட்டில், நான் போய்த் தங்கியிருந்த குளிர்காலம் முழுவதும் அடுப்பைவிட அதிகமாகப் புகைந்துகொண்டிருந்தது.

பனி என்றதும் மார்கழி மாதத்துப் புல்நுனியை நினைத்துக்கொள்ளும் நம்மவர்களுக்கு இதைச் சற்று விளக்க வேண்டும். 1996 ஜனவரியில், ஒரே புயலில், பிலடெல்பியாவில் 30.7 அங்குலப் பனி விழுந்தது; இரண்டாம் வகுப்பு படிக்கும் என் பேரனை அன்றைக்கு வாசலில் நிறுத்தியிருந்தால் இடுப்புக்கு மேற்பட்ட பாகம் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்திருக்கும். அத்தகைய பிரளயம் அபூர்வம். பள்ளியை மூடுவதற்கு ஐந்தாறு அங்குலமே தாராளமாகப் போதும். பெருஞ்சாலைகளில் உப்பைத் தூவி, இயந்திரத்தால் வழித்து, வெகு சீக்கிரம் சரிசெய்துவிடுகிறார்கள்; மஞ்சள் நிறப் பள்ளி பஸ் நுழைந்து திரும்ப வேண்டிய சின்னத் தெருக்களும் சரிவுகளுமே வம்பு. ஆகவே பள்ளி மாவட்டத்துக்குத் தலைவரான சூப்பரின்டென்டென்ட், ஊரெல்லாம் உறங்கும் நாலு மணிக்கு எழுந்து, சாலைக்காரர்களையும் பக்கத்து மாவட்டத்து அதிகாரிகளையும் கலந்தாலோசித்து, விடிவதற்குள் தீர்ப்புச் சொல்லியாக வேண்டும். மூடினால் பத்து மணிக்கு வெயில் பளீரென்று அடித்து அவரைப் பரிகசிக்கும். மூடாவிட்டால் பஸ் வழுக்கும். இரண்டும் வேண்டாமென்று பள்ளியை இரண்டு மணி நேரம் தாமதமாகத் திறந்தாலோ, இரு கட்சியாரும் சேர்ந்து வைவார்கள்.

நம் ஊரில் மழைக்கால இரவுகளில் கலெக்டரின் அறிவிப்பை எதிர்பார்த்துப் பிள்ளைகள் விழித்திருப்பது நமக்குத் தெரியும். ஆனால் நம் பிள்ளைகள் வெறுமனே காத்திருக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகளோ பனியை வரவழைப்பதற்கென்று கிரியைகளே வைத்திருக்கிறார்கள். இரவு உடையை உட்புறம் வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். தலையணைக்கடியில் ஒரு கரண்டியை வைத்துப் படுக்க வேண்டும். பனிக்கட்டித் துண்டுகளைக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரைத் திறந்துவிட வேண்டும். விஞ்ஞானத்தில் இத்தனை தூரம் போன தேசத்தில் இதுவா என்று நான் வியந்தபோது, விஞ்ஞானமும் கைவிடவில்லை என்று தெரிந்தது: நியூ ஜெர்சியில் ஒரு பள்ளிச் சிறுவன், மறுநாள் விடுமுறை கிடைப்பதற்கு நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று கணிக்கும் கருவியொன்றை 2007இல் இணையத்தில் ஏற்படுத்த, அதை இன்று பெரியவர்களும் ரகசியமாகப் பார்க்கிறார்கள். பென்சில்வேனியாவிலேயே பங்ஸடானி என்னும் ஊரில், ஆண்டுதோறும் பிப்ரவரி 2ஆம் தேதி, கிரவுண்ட்ஹாக் என்ற பெருச்சாளிக்கு மூத்த பிராணியொன்றை வெளியே எடுத்து, அது தன் நிழலைக் கண்டதா இல்லையா என்று விசாரித்துக் குளிர்காலத்தின் மிச்ச ஆயுளை நிர்ணயிக்கிறார்கள். 1887 முதல் நடக்கும் இந்த வைபவத்தைப் பார்த்த பிறகு நான் பேரனுக்குக் கரண்டி எடுத்துக் கொடுப்பதில் தயக்கம் காட்டுவதில்லை.

இனி, வீட்டுக் கட்சிகள். என் மகன், ரிமோட் பாடம் என்று வழங்கும் அந்த மூன்றாவது உபாயத்துக்குத் தீவிர ஆதரவாளன். "கல்வியின் தொடர்ச்சி அறுபடக் கூடாது, அப்பா" என்று அவன் சாப்பாட்டு மேஜையில் பிரசங்கம் செய்வான். தன் கல்வி விஷயத்தில் இத்தகைய தொடர்ச்சியை அவன் அனுஷ்டித்ததாக எனக்கு ஞாபகமில்லாமையால் சிறிது துருவி விசாரித்தேன். பள்ளி ஜூன் 12, வெள்ளிக்கிழமை மூடுவதாக நாட்காட்டியில் கண்டு, மறுநாள் சனிக்கிழமை சென்னைக்குப் புறப்பட மூன்று டிக்கெட்டுகளை, மாற்றவும் முடியாத, பணம் திரும்பவும் வராத மலிவு விலையில், தீபாவளிக்கு முன்பே அவன் வாங்கி வைத்திருந்த வாஸ்தவம் வெளிப்பட்டது. ஒவ்வொரு பனி விடுமுறையும் பள்ளியின் கடைசி நாளை ஒரு நாள் தள்ளிக்கொண்டே போகும், டிக்கெட்டோ தள்ளாது.

மருமகள் ஓர் ஆஸ்பத்திரியில் மருந்தாளுநர். "ஆஸ்பத்திரிக்கு ஸ்னோ டே கிடையாது, மாமா. விடுமுறைன்னா இவன் பாட்டுக்குப் பனியில போய் உருளுவான். ஆன்லைன் கிளாஸ்னா பக்கத்துலயே ஒரு ஆள் உட்காரணும். உங்க பிள்ளை மீட்டிங்ல இருப்பாரு. அப்ப உட்காரப்போறது யாரு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் என்னைப் பார்த்தாள். இரு கட்சியாரும் எனக்கு அன்னமிடுகிறவர்களாகையால் நான் அன்றுவரை நடுநிலைமை வகித்திருந்தேன்.

உட்காரும் சந்தர்ப்பம் ஜனவரியிலேயே வாய்த்தது. காலை எட்டரை மணிக்கு, மேலே சட்டையும் கீழே இரவு உடையுமாக, என் பேரன் ஆஜரானான். இருபது சிறு பெட்டிகளில் இருபது சிறு முகங்கள், சிலவற்றில் நெற்றி மட்டும், ஒன்றில் ஒரு பூனை. முதல் கால் மணி நேரம், பேசக் கூடாதவர்களைப் பேசாதிருக்கச் செய்வதிலும், பேச வேண்டியவர்களின் வாய் அசைந்தும் குரல் வராத காரணத்தை ஆராய்வதிலும் சென்றது. ஆசிரியை பாவம், நல்ல பெண். கழித்தல் கணக்குக்கு அவர் வந்து சேர்வதற்குள், அவருடைய மூன்று வயதுக் குழந்தை பின்னாலிருந்து ஏறி அவர் தோளில் உட்கார்ந்துகொண்டது. அவருக்கும் அன்று பனிதான் பெய்தது என்பதைச் சட்டம் எழுதினவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. பிறகு உடற்பயிற்சி ஆசிரியர் தோன்றி, நின்ற இடத்திலேயே இருபது முறை குதிக்கச் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே எதிர்வீட்டுப் பையன், அவன் படிக்கும் தனியார் பள்ளி மூடியிருந்தபடியால், பனிச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக மெய்யான உடற்பயிற்சி செய்துகொண்டிருந்தான். என் பேரன் அவனைப் பார்த்துக்கொண்டே இருபது முறை குதித்தான். பத்தே முக்காலுக்குத் திரை அசையாமல் நின்றுவிட்டது. ஆசிரியை ஒரு கையை உயர்த்தி அபயம் காட்டும் பாவனையில் நெடுநேரம் நின்றார். நாங்கள் இருவரும் அந்தத் தரிசனத்தைச் சற்று நேரம் சேவித்துவிட்டு, கையுறைகளை மாட்டிக்கொண்டு வெளியே போனோம். மாலையில் பார்த்தபோது அவனுக்கு முழுநாள் வருகை பதிவாகியிருந்தது. தணிக்கை இலாகாவில் இதைவிடச் சுத்தமான வவுச்சர்களை நான் நிராகரித்திருக்கிறேன்.

விவகாரம் முற்றி, பள்ளிக் குழுவின் மாதாந்தரக் கூட்டத்தில் பொதுமக்கள் அபிப்பிராயம் கேட்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. ஒன்பது பேர் கொண்ட குழு, வாக்களித்துத் தேர்ந்தெடுக்கப்படுகிறவர்கள், சம்பளம் கிடையாது. சம்பளமில்லாமல் இத்தனை வசை கேட்க முன்வருகிறவர்கள் ஒரு தேசத்தில் இருக்கிறார்கள் என்பதே அதன் ஜனநாயகத்துக்குப் போதுமான அத்தாட்சி. பேச விரும்புகிறவருக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். எதிரே ஒரு கடிகாரம் சிவப்பெழுத்தில் ஓடும். இத்தகைய கடிகாரம் ஒன்றை நம் நாட்டு மேடைகளுக்கும் இறக்குமதி செய்தால், தேச உற்பத்தி எங்கேயோ போய்விடும் என்று தோன்றியது.

முதலில் எழுந்த தாயார், ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், இரண்டு கணிப்பொறிகள், ஒரு சமையலறை மேஜை என்று தம் ஆஸ்தி விவரத்தை வெளியிட்டார். அடுத்தவர், மாசசூசெட்ஸ் பள்ளிகளின் புள்ளிவிவரங்களை வைத்து ஜோஷுவா குட்மன் என்ற பொருளாதாரப் பேராசிரியர் 2014இல் வெளியிட்ட ஆராய்ச்சியை எடுத்துக் காட்டினார்: பனிக்காகப் பள்ளி முழுவதும் மூடிய நாள்களால் பரீட்சை மதிப்பெண்கள் குறையவில்லை, பள்ளி நடக்கும்போது தனித்தனியாகப் பிள்ளைகள் வராமலிருந்த நாள்களால்தான் குறைந்தன, ஏனென்றால் எல்லோருக்கும் போன பாடத்தை ஆசிரியர் எல்லோருக்கும் சேர்த்து நடத்திவிடலாம், ஒருவனுக்குப் போனதை அப்படிச் செய்ய முடியாது. சபை இதை மௌனமாகக் கேட்டது. ஆராய்ச்சி முடிவுகளைக் கேட்கும்போது எந்தச் சபையும் அப்படித்தான் இருக்கும். யாருடைய அபிப்பிராயமும் மாறவில்லை என்பதற்கு அது அடையாளம்.

பிறகு ஒருவர் நியூயார்க் நகரத்தை இழுத்தார். அங்கே 2024 பிப்ரவரி 13ஆம் தேதி பனிக்காகப் பள்ளிகளை மூடாமல் எல்லோரையும் ஒரே காலையில் கணிப்பொறிக்கு அனுப்ப, ஏறக்குறைய ஒன்பது லட்சம் மாணவர்கள் படிக்கும் அந்த ஊரில் ஏராளமானோர் வாசலிலேயே நின்று, உள்ளே நுழைய முடியாமல் தவித்தார்கள். அவரைத் தொடர்ந்து இன்னொருவர், டெலவர் நதிக்கு அந்தக் கரையில் இருக்கும் நியூ ஜெர்சியில் சாதாரணப் பனிநாளுக்கு இந்த ஏற்பாட்டையே அனுமதிப்பதில்லை, அவர்கள் என்ன கெட்டுப்போய்விட்டார்களா என்றார். ஒரே மேகம், ஒரே பனி; நதிக்கு மேற்கே விழுந்தால் பள்ளி நாள், கிழக்கே விழுந்தால் விடுமுறை. மேற்கு வர்ஜீனியாவில் ஜெபர்சன் கவுண்டியின் சூப்பரின்டென்டென்ட் அம்மையார் 2020 டிசம்பரில், ரிமோட் வசதி முழுவதும் கையிலிருந்தும், முதல் பனிக்குப் பிள்ளைகளை விளையாட விட்டுப் பெற்றோருக்குக் கடிதம் எழுதினதை ஒருவர் நினைவூட்டியபோது மட்டும் கைதட்டல் எழுந்தது.

இடையில் ஒரு தாயார் எழுந்து, தம் மகனுக்குப் பள்ளியில் கிடைக்கும் பேச்சுப் பயிற்சியைத் திரை வழியாகக் கொடுக்க முடியாது என்றும், ஜூனில் கூட்டும் ஒரு நாளானது அவனுக்கு மெய்யாகவே ஒரு நாள் என்றும் சொல்லி, மூன்று நிமிஷத்தில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு அமர்ந்தார். அன்று பேசினவர்களில் பிள்ளையைப் பற்றிப் பேசினவர் அவர் ஒருவரே என்பது என் துணிபு. மற்றவர்கள் எல்லோரும் கல்வியின் பெயரால் கணக்குத்தான் பேசினார்கள்: ஒரு நாள் ஏட்டில் ஏறியதா என்று கேட்டார்களே தவிர, ஏறிய நாளுக்குள் என்ன இருந்தது என்று திறந்து பார்க்கவில்லை. பள்ளியில் பிள்ளைகளே இல்லாத ஒரு முதியவர், தாம் கட்டும் வீட்டு வரியில்தான் இந்தப் பள்ளிகள் நடக்கின்றன என்றும், 180 நாளுக்குப் பணம் கொடுத்தவருக்கு 180 நாள் வந்து சேர வேண்டும் என்றும், கடையில் சர்க்கரையை மறு நிறுவைக்கு வைக்கச் சொல்லும் தோரணையில் கேட்டார். எனக்கு அவரை எழுந்து தழுவிக்கொள்ளத் தோன்றியது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரோ, பாடப்புத்தகங்களைத் திரும்ப வாங்கி அடுக்கிய பிறகு, ஜூன் மாதப் புழுக்கத்தில், பிள்ளைகளுக்குச் சினிமா போட்டுக் காட்டிக் கழிக்கும் ஈட்டு நாள்களை நேரில் பார்த்தவர் யாராவது இங்கே உண்டா என்று ஒரே கேள்வியில் சபையைக் குளிரவைத்தார்.

என் மகனும் பேசினான். கல்வியின் தொடர்ச்சி, தொழில்நுட்பம், எதிர்கால உலகம் என்று மூன்று நிமிஷத்தையும் காலியாக விடாமல் நிரப்பினான். விமானத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. அவனுக்குப் பின் பேசிய நாலைந்து தகப்பன்மாரும் அதே சொற்களை அதே ஆவேசத்தோடு சொன்னதிலிருந்து, எத்தனை டிக்கெட்டுகள் அந்த மண்டபத்தில் பைகளுக்குள் துடித்துக்கொண்டிருந்தன என்று நான் ஊகித்துக்கொண்டேன். மருமகள் பேசவில்லை. அவள் அன்று ஆஸ்பத்திரியில் இரவு வேலையில் இருந்தாள்.

இரவு பத்து மணிக்குக் குழு ஒரு சமரசத்துக்கு வந்தது: இனி விழும் பனியில் முதல் இரண்டு நாள் அசல் விடுமுறை, ஜூனில் ஈடு கட்டப்படும், மூன்றாவதிலிருந்து ரிமோட். இரண்டு மணி நேரத் தாமதம் நாலு சேர்ந்தால் ஒரு நாளாகுமா என்று ஒருவர் கேட்டதை அடுத்த மாதத்துக்கு ஒத்திவைத்தார்கள்.

பிப்ரவரி, தீர்மானத்தைப் படித்துப் பார்த்தே நடந்துகொண்டதோ என்னவோ, சரியாக இரண்டு நாள் பனியைக் கொடுத்துவிட்டு ஓய்ந்தது. கடைசி நாள் ஜூன் 16, செவ்வாய்க்கிழமைக்கு நகர்ந்தது. விமானம் 13ஆம் தேதியிலேயே நின்றது. மகன் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரு மாலை பிரகாசமாக வந்தான். கல்விச் சுற்றுலா விண்ணப்பம் என்று இம்மாநிலத்துப் பள்ளிகளில் ஒரு படிவம் இருக்கிறதாம். குடும்பத்தோடு எங்கேயாவது போவதால் பிள்ளைக்கு அறிவு விருத்தி ஏற்படும் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், பள்ளி நடக்கும் நாளிலும் அனுமதியோடு போகலாம். பேராசிரியர் குட்மன் ஆபத்தானது என்று சொன்ன அதே தனி விடுப்புத்தான் இது என்று நான் நினைவூட்டினேன். "அது பர்மிஷன் இல்லாம போறவங்களுக்குப்பா" என்று அவன் ஆராய்ச்சிக்குப் புதிய உரை செய்தான்.

இந்தப் பயணத்தால் மாணவன் அடையப்போகும் கல்விப் பயன் யாது என்ற இடத்தில் எழுதுவதற்கு, விண்ணப்ப நடையில் அனுபவமுள்ளவன் என்று படிவத்தை என்னிடம் கொடுத்தார்கள். நான் உள்ளபடியே, மாம்பழம் தின்னுதல், கிணற்றடியில் குளித்தல், பாட்டியிடம் கதை கேட்டல் என்று எழுதினேன். மருமகள் வாங்கிப் பார்த்து, "மாமா, இதுக்கெல்லாம் லீவு கொடுப்பாங்களா?" என்று மூன்றையும் அடித்துவிட்டு, சோழர் காலக் கோயில் சிற்பங்களை நேரில் கண்டு வரலாற்று அறிவு பெறுதல் என்று மாற்றினாள். எங்கள் ஊரிலிருந்து தஞ்சாவூர் பஸ்ஸில் ஏழு மணி நேரம். யாரும் போகிற உத்தேசமில்லை. படிவம் இரண்டே நாளில் அனுமதியாகி வந்தது.