கதவு வெளிப்பக்கமாத் தெறக்கணும் மாப்ளே

வா மாப்ளே, உக்காரு. திண்ணையில தூசி கெடக்கு, தட்டிட்டு உக்காரு. உங்க அத்தை காபி போடுறா. என்ன, மொகத்தப் பாத்தா பிரஸ்ஸுல மிஷினு நின்னுபோன மாதிரி இருக்கு? மிஷினு ஓடுதா? அப்ப வீட்லதான் என்னமோ நின்னுருக்கு.

கேள்விப்பட்டேன். ஹால்ல கேமரா மாட்டியிருக்கியாமே. பிரஸ்ஸுல இருந்துக்கிட்டே பிள்ளைக என்ன பண்ணுதுன்னு போன்ல பாக்கலாமாமே. நல்ல ஏற்பாடு. நேர்ல பாக்கத்தான் உனக்கு நேரம் கெடையாது. ஆடிப் பதினெட்டுக்குக் காலண்டர் ஆல்பம் போட்டா, தை பொறக்குற வரைக்கும் நீ வீடு வந்து சேர்றது ராத்திரி பதினோரு மணி. ஊரு உலகத்துக்கெல்லாம் தேதி கிழிக்க அடிச்சுக் குடுக்குற, பெத்த மக பொறந்த தேதிய மட்டும் உங்க அக்கா போன் பண்ணிச் சொல்லணும்.

என்னது, கேமரா மேல மக ஸ்கூல் ஷாலப் போட்டு மூடிட்டாளா? ஆத்தாடி, கெட்டிக்காரி! நீ பதறிப்போயி வண்டிய எடுத்துட்டு ஓடுனியா? அங்க போயிப் பாத்தா, ஆத்தாளும் பிள்ளைகளும் தாயம் உருட்டிக்கிட்டு இருந்துச்சுகளா? உன்னக் கண்டதும் கப்சிப். மகன் ரூமுக்குள்ள, மக புஸ்தகத்துக்குள்ள, பொண்டாட்டி அடுப்படிக்குள்ள. தாயக்கட்டை மட்டும் நடுவீட்ல கெடந்து உன்ன மொறச்சுப் பாத்துச்சு. தாசில்தார் ஜீப்பு வந்தா லைசென்ஸ் இல்லாம வெடி போடுறவன் சிதறி ஓடுவானே, அந்த மாதிரி உன் வீட்ல ஓடுறாக. பெரிய மரியாதைதான் மாப்ளே!

இதுக்கு யோசனை கேட்டு எங்கிட்ட வந்திருக்க. நான் என்ன காலேசுலயா படிச்சேன்? முப்பத்தஞ்சு வருசம் வெடி ஆபீஸ்ல இருந்தேன், அதுல பாதி போர்மேன் வேலை. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் மருந்துதான். ஆனா ஒண்ணு, பதினாறு வயசுப் பிள்ளைக்கும் மணிமருந்துக்கும் எனக்கு ரொம்ப வித்தியாசம் தெரிஞ்சதில்ல.

ஒரு ரூம்புக்கு நாலு பேருக்கு மேல கூடாதுன்னு சட்டம். மருந்து கலக்குற ரூம்புன்னா ரெண்டே பேரு. எதுக்கு? ஒண்ணு ஆச்சுன்னா சேதாரம் கொறையணும்ல. உன் வீட்ல மக மார்க்கு கொறஞ்சா யார் யாரு உள்ள வர்றாக? நீ, உங்கம்மா, உன் தங்கச்சி வீடியோ கால்ல, பக்கத்து வீட்டு டீச்சரு, போதாக்கொறைக்கு டியூஷன் வாத்தியாரு. பிள்ளை எந்தப் பக்கம் ஓடும்? அதுக்குத்தான் வெடி ஆபீஸ் கதவெல்லாம் வெளிப்பக்கமாத் தெறக்குற மாதிரி வச்சிருப்பாக. உள்ள இருக்கவன் முட்டுனா தெறந்துக்கிரணும், கொண்டி தேடிக்கிட்டு நிக்கக் கூடாது. நீ என்னடான்னா மக ரூம்புத் தாழ்ப்பாளையே கழட்டிட்டியாமே. கழட்டுனா வெளிய வந்துருவாளா? ஆளு அங்கதான் உக்காந்திருப்பா, மனசு போன் வழியா எங்கயோ போயிருக்கும்.

அப்புறம் வாசல்ல ஒரு செப்புத் தகடு பதிச்சிருக்கும், பாத்திருக்கியா? உள்ள போறவன் அதத் தொட்டுட்டுத்தான் போகணும். ஒடம்புல இருக்க கரண்டு பூமிக்கு எறங்கிரும். கண்ணுக்கே தெரியாத பொறிதான் மாப்ளே, அது ஒண்ணு போதும் அம்புட்டையும் கொண்டுபோக. நீ பிரஸ்ஸுல பேப்பர் ஏஜெண்டுகிட்ட கத்துன கரண்டோட நேரா வீட்டுக்குள்ள நொழையிற. உனக்கு ஒரு தகடு வேணும். கொழாயடியில கால் கழுவு, நாய்க்குட்டியத் தடவிக் குடு, முருங்கை மரத்தத் தொடு, எதையாவது தொட்டு எறக்கிட்டுப் போ.

இரும்புச் சாமானே ஆகாது எங்களுக்கு. கட்டையும் பித்தளையுந்தான். சிலீர்னு ஒரு ஆணி விழுந்தா முடிஞ்சுது. "உன்னப் பெத்ததுக்கு ஒரு அம்மியப் பெத்திருந்தாலும்..."ங்குறியே, அது எந்த ஒலோகம்னு நீயே சொல்லு.

சரவெடிக்குத் தடை வந்தது ஞாபகம் இருக்கா? 2018 அக்டோபர்ல, சரவெடி கூடாது, பேரியம் கூடாதுன்னு சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. ஊரே தலையில கை வச்சு உக்காந்துச்சு. எனக்கு என்ன வருத்தம்னா, வீட்டுக்குள்ள வெடிக்கிற சரத்துக்கு எவனும் தடை போடலியே. நீ திட்டுறத ஒருநா வாசல்ல நின்னு கேட்டேன். ஆரம்பிச்சது ஈரத் துண்ட கட்டில்ல போட்டதுக்கு. அதுல பத்திக்கிட்டு போனு, போன்ல இருந்து மார்க்கு, மார்க்குல இருந்து தலமுடி, தலமுடியில இருந்து கூட்டாளி, கடைசியில அவ ஆத்தா வீட்டு வம்சம். ஆயிரம் வாலா! பிள்ளை காதப் பொத்திக்கிட்டு நிக்கிது. பொகை அடங்குன பெறகு, மொதல் வெடி எதுக்குன்னு உனக்கே தெரியல. பசுமைப் பட்டாசுன்னு வச்சிருக்காகளே, பொகை முப்பது சதவீதம் கொறையுமாம். உன்ன முழுசா நிப்பாட்டச் சொல்லல, தொழில் நசிஞ்சு போயிரும். முப்பது சதவீதம் கொறச்சுக்கோ.

முக்கியமான ஒண்ணு, மீந்த மருந்து. கலக்குன மருந்த அன்னைக்கே தீத்துறணும். மீந்தத மறுநாளைக்கு வச்சா அது உள்ளுக்குள்ளயே சூடாகிக் கெடக்கும். காலையில கதவத் தெறக்குறவன் கதை முடிஞ்சுது. சித்திரை மாசம் நடந்த சண்டைய ஐப்பசி வரைக்கும் எடுத்து வச்சு, தீவாளிக்குத் துணி எடுக்கப் போன எடத்துல போட்டு ஒடச்சியே, ஜவுளிக்கடையில பொண்ணு அழுதாளே, அது மீந்த மருந்து. விபத்துன்னா போலீஸ் மொதல்ல போர்மேனத்தான் தேடும், தெரியும்ல? வீட்டுக்கு நீதான் போர்மேன்.

சிரிக்கிறியா? சிரி சிரி. காபி ஆறுது.

"அந்தக் காலத்துல குடும்பம் எவ்வளவு ஒத்துமையா இருந்துச்சு"ன்னு உங்கப்பன் மேடை போட்டுப் பேசுவான். இருந்துச்சு, யாரு இல்லைன்னா? எங்க வீட்ல ராத்திரி எட்டு மணிக்கு அரிக்கேன் லைட்டச் சுத்தி ஏழு பேரும் உக்காருவோம். யாரும் எந்திரிக்க மாட்டோம். ஏன்னா தீப்பெட்டி ஒட்டணும். நூத்தி நாப்பத்திநாலு பெட்டி ஒரு குரோஸு. எங்காத்தா மைதாவுல பசை காச்சி, அதுல மயில்துத்தத்தப் போட்டுக் கிண்டுவா. பூச்சி அரிக்காதுன்னு சொல்லுவா. உண்மையில பூச்சி நாங்கதான். பசிக்கு வழிச்சு நக்கிருவோம்னு பயம். பச்சைப் பசேல்னு இருக்கும் பசை. அந்த லைட்டடியில எங்காத்தா கதை சொல்லுவா பாரு, கை நிக்காது, கதையும் நிக்காது. அவ மடியில தல வச்சுத் தூங்குனது எனக்கு ஞாபகம் இல்ல, அவ முழங்கை என் முழங்கையில இடிச்சது இன்னும் இருக்கு. ஒத்துமைக்கு நாங்க குடுத்த கூலி அது, மொதலாளி எங்களுக்குக் குடுத்த கூலி அதவிடக் கம்மி.

அதோட விட்டிருந்தாலாவது தேவலை. பின்னால பஸ்ஸு வந்துச்சு. கிராமம் கிராமமா, விடியறதுக்கு முன்னாடியே தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸு வந்து ஆரன் அடிக்கும். ஏஜெண்டு கதவத் தட்டுவான். தூக்கத்துல இருக்க பிள்ளையத் தோள்ல போட்டுக் கொண்டுபோயி ஏத்தி விடுவாக. என் மூத்தவ ஒம்போது வயசுல அதுல போனா. நான் போர்மேன், கையில சம்பளம் இருக்கு, ஆனாலும் அனுப்பினேன். கட்டை அடுக்க அவ கை ரொம்பச் சுறுசுறுப்புன்னு ஏஜெண்டு சொன்னப்போ எனக்குப் பெருமை வேற. இருட்டுல போயி இருட்டுல வருவா. அவள வெளிச்சத்துல பாக்கணும்னா ஞாயித்துக்கெழமை வரணும். பிள்ளைகள வேலைக்கு வைக்கக் கூடாதுன்னு 1986-ல சட்டம் வந்துச்சு. 1996 டிசம்பர்ல சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைய வேலைக்கு வச்சவன் தலைக்கு 20,000 ரூபா கட்டணும்னு தீர்ப்புச் சொல்லுச்சு. அன்னைக்கு வரைக்கும் எங்க பிள்ளைக என்ன வெல பெறும்னு பெத்தவுக எங்களுக்கே தெரியாது.

இப்ப நம்ம மாவட்டம் பிளஸ் டூவுல பேரு வாங்குதுன்னு எல்லாரும் மார்தட்டுறோம். நல்லதுதான். ஆனா உன் வீட்டு வாசல்ல விடியக்காலம் அஞ்சு மணிக்கு வந்து ஆரன் அடிக்கிறது என்ன வண்டி? டியூஷன் வேன். பிள்ளை தூங்கி வழிஞ்சுக்கிட்டே ஏறுது, இருட்டுல எறங்குது. பஸ்ஸு கலரு மட்டும் மாறியிருக்கு. நான் சொன்னா, கெழவனுக்குப் பொறாமைம்ப.

பொண்ணு எப்பப் பாத்தாலும் கண்ணாடி, செல்ஃபின்னு இருக்காங்குற. நம்ம ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஒரு பொண்ணு இருந்தா. சாமிக்குக் கட்டுன மாலைய எடுத்துத் தன் கழுத்துல போட்டுக்கிட்டு, கெணத்துல எட்டிப் பாத்து அழகு பாப்பா. அந்தக் கண்ணாடிக் கெணறு இன்னும் இருக்கு, நீ போயிருக்க, மொட்டை போட்டப்ப உன்னத் தூக்கிக்கிட்டுப் போனதே நான்தான். பெரியாழ்வாரு கண்டாரு. கோவம் வரத்தான் செஞ்சுச்சு, வேற மாலை கட்டிக் கொண்டுபோனாரு. சாமி வேண்டாம்னுட்டாரு, அவ போட்டுக் கழிச்சதுதான் வேணும்னுட்டாரு. அதுக்குப் பெறகு அந்த மனுசன் என்ன பண்ணுனாரு தெரியுமா? மக போட்டத எடுத்துக்கிட்டுக் கோயிலுக்குப் போனாரு. கெணத்து மேல கேமரா வைக்கல. பெரிய ஆழ்வாரு, அவருக்கே பொண்ணு விசயத்துல ஒரு தப்பு நடந்து, அதத் திருத்திக்கவும் செஞ்சாரு. நீ வெறும் ஆப்செட்டு.

சனிக்கெழமை சம்பளம் போடுவீகள்ல? அன்னைக்கு ஒருநா எட்டு மணிக்கு வந்துரு. விருதுநகர்ப் பொரிச்ச பரோட்டா வாங்கிக்கோ, சால்னா கேட்டு ரெண்டு பாக்கெட்டு கூட வாங்கு. இலைய விரிச்சு வையி. உக்காரு. அவ்வளவுதான். "படிப்பு எப்படிப் போகுது"ன்னு மட்டும் கேட்றாத, பரோட்டா தொண்டையில நின்னுரும். விருதுநகர்ல அந்தக் காலத்துல பள்ளிக்கூடம் நடத்துனது எப்படித் தெரியுமா? ஒலை வைக்கிறதுக்கு முன்னாடி வீட்டுக்கு வீடு ஒரு பிடி அரிசி எடுத்து வைப்பாக. காமராசரு படிச்ச சத்திரிய வித்யாசாலை அப்படி நின்ன பள்ளிக்கூடம்தான். மூட்டையா யாரும் எறக்கல, தெனம் ஒரு பிடி. நீ வருசத்துக்கு ஒருக்கா குத்தாலத்துக்குக் கூட்டிட்டுப் போயி மூட்டையா எறக்கப் பாக்குற, அங்கயும் போயி பிரஸ்ஸுக்குத்தான் போன் பேசுற.

தாயம் வெளாடத் தெரியுமா உனக்கு? மறந்து போச்சா? பரவாயில்ல, மககிட்டக் கேளு. தோத்துப் போ. நீ தோக்குறதப் பாக்க அவளுக்கு எம்புட்டு ஆசையா இருக்கும்!

கேமராவக் கழட்டணுமான்னா கேக்குற? வேண்டாம், காசு போட்டு வாங்குனது. ஷால மட்டும் எடுக்காத.

சரி, கெளம்பு, மழை வர்ற மாதிரி... வராது, நம்ம ஊர்ல என்னைக்கு வந்துச்சு. ஏ, என்னத்தா, உள்ள இருந்து யாரக் கத்துற? யாரு, திருப்பூர்க்காரனா? ஓ, ஞாயித்துக்கெழமைல்ல இன்னைக்கு. ஊருக்கு உபதேசம் பண்ணது போதும், பெத்த மகன் லைன்ல இருக்கான், ரெண்டு வார்த்தை பேசுறீகளான்னு கேக்குறா பாரு மாப்ளே, உங்க அத்தைக்கு வாய் கொழுப்பு.

பேசாம என்ன. எங்க, போனக் குடு... இல்ல, வேண்டாம், நீயே பேசு. சாப்ட்டானான்னு கேளு.