எட்டரை மணித்தியால விருந்தாளி

வத்தளைக்காரருக்குக் கப்பல் ஒரு புதினமில்லை. ஹெந்தலைக் கடற்கரையில் நின்றால், கொழும்புத் துறைமுகத்துக்குள் நுழைய முறை பார்த்துக் கிடப்பவை தெரியும். 2022இல் நாங்கள் பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது, காசு கட்ட டொலர் இல்லாமல் பெற்றோல் கப்பலே கடலில் காத்து நின்றது. ஒரே வரிசைதான், தலை கடலில், வால் எங்கள் சந்தியில்.

ஆனால் சொந்தக்காரர் எவரும் கப்பலில் வந்து இறங்கியதில்லை. எல்லோருக்கும் கட்டுநாயக்காதான். ஆகவே ஸ்காபரோ மாமா தொலைபேசியில், "உல்லாசக் கப்பலில வாறம். காலமை எட்டுக்கு இறங்கி, நாலரைக்குத் திரும்ப ஏறவேணும்" என்றதும் அம்மா கேட்டார்: "எத்தினையாம் திகதி நாலரைக்கு?"

கச்சான் காற்று அடங்கிய பிறகுதான் இந்தக் கப்பல்களின் காலம். 1885இல் கொழும்பில் தென்மேற்கு அலைதடுப்புச் சுவர் கட்டி முடியும்வரை, பெரிய கப்பல்கள் பெரும்பாலும் காலிக்குத்தான் போயின. சுவர் வந்ததும் உலகமே இங்கே இறங்கியது. 1890இல் ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் வந்தார். இலங்கையைச் சொர்க்கம் என்று எழுதினார். அவர் வத்தளைப் பக்கம் வந்திருக்கமாட்டார் என்பது என் கணிப்பு. அப்போது வீதியால் களனி ஆற்றைக் கடக்கப் படகுகளைக் கோத்த பாலம்தான். 2021இல் மின்விளக்கு ஜொலிக்கும் கேபிள் பாலம் திறந்தார்கள். நெரிசல் மட்டும் இன்னும் படகில்தான் வருகிறது.

1875இல் திறந்த கிராண்ட் ஓரியன்டல் ஹோட்டலடியில் காத்து நின்றேன். மாமா அரைக்காற்சட்டை, தொப்பி, கழுத்தில் கப்பல் அட்டையோடு, மாமியும் பின்தொடர, துறைமுகத்திலிருந்து வெளியே வந்தார். ஓட்டோக்காரர் ஒருவர் பாய்ந்தார்: "சேர், எலிபன்ட் பெஸ்டிவல்! ஒன்லி டுடே!"

"தம்பி, நான் எண்பத்தாறில வெளிக்கிடேக்கயும் இந்த யானை அண்டைக்கு மட்டும்தான் வந்தது."

ஓட்டோக்காரர் அசரவில்லை. நல்ல தமிழில், "அது தாய் யானை ஐயா. இது குட்டி" என்றார்.

செட்டியார் தெருவில் மாமி நகைக்கடைக்குள் நுழைந்தார். வெளியே வந்தபோது மத்தியானம். சமுத்திரத்தை நிமிடம் பிசகாமல் கடந்து வந்தவர்களோடு ஒருவழியாக வத்தளை போய்ச் சேர்ந்தோம். அம்மா நண்டுக் குழம்போடு காத்திருந்தார். இராப்பகலாகச் சோறு போடும் கப்பலிலிருந்து வந்த மாமா, வலக்கையில் நண்டுக்காலும் இடக்கையில் மணிக்கூடுமாக இருந்தார்.

"பிந்தினால் விட்டிட்டுப் போடுவான் அக்கா."

"போனால் போகட்டும். மேல அறையில பாய் கிடக்கு" என்றார் அம்மா. பாய் எடுக்க அவர் எழும்ப, மாமா செருப்பைத் தேடினார். மிஞ்சிய நண்டை லஞ்ச் சீற்றில் சுற்றி மாமியின் கையில் திணித்த பிறகே படலை திறந்தது.

துறைமுக வாசலில் மாமா பார்சலைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "வெளிச் சாப்பாடு கப்பலுக்குள்ள விடமாட்டினம்." யானைக்காரர் அங்கேயே நின்றிருந்தார். பார்சல் கைமாறியது. அவர் மோந்து பார்த்தார்.

"நண்டு! எந்தக் கடை ஐயா?"

"வத்தளை," என்றார் மாமா. "ஒன்லி டுடே."