தாய் வழியா, தாத்தா வழியா?

கே: யூதர் என்பது மதமா, இனமா? நம்ம புதுக்கோட்டைக்கும் அவர்களுக்கும் ஏதாவது ஒட்டு உறவு உண்டா? (வாசகர், கறம்பக்குடி)

ப: அந்த வழக்கு அவர்களுக்குள்ளேயே இன்னும் தீரவில்லை. தாய் யூதர் என்றால் பிள்ளையும் யூதர் என்கிறது சமய மரபு. இஸ்ரேலின் குடியேற்றச் சட்டமோ, 1970 திருத்தத்துக்குப் பிறகு, தாத்தா யூதராக இருந்தாலே போதும் என்கிறது. தாத்தாவைக் காட்டிக் குடியுரிமை வாங்கியவர் கல்யாணம் என்று போய் நின்றால், 'அம்மா யார்?' என்பார் சமயகுரு. ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, பந்தியில்தான் இலை இல்லை!

பந்தி வஞ்சனை நம் பக்கத்திலும் நடந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தில், அடிமை வம்சம் என்று சொல்லி ஒரு பிரிவாரை உள்ளே உட்கார விடவில்லை. அவர்களில் ஒருவரான வக்கீல் ஏ.பி. சேலம் சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர். (சேலம் ஆள் பெயர்தான், மாம்பழத்தோடு சம்பந்தமில்லை.) 1950-களில் கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். இங்கே இருந்தவரை யூதர். அங்கே போனதும் கொச்சிக்காரர்.

புதுக்கோட்டையா? உங்கள் பக்கத்துக் கருக்காக்குறிச்சியில் 1898-இல் 501 ரோமானியப் பொற்காசுகள் கிடைத்தன; அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை. கி.பி. 70-இல் ஜெருசலேம் கோயிலை இடித்தது வெஸ்பாசியன் படைதான். பெரும்பாலான காசுகளில் மன்னர் முகத்தில் ஒரு வெட்டு! யூதர் வந்து வெட்டினார் என்று டீக்கடையில் கிளப்பிவிடாதீர்கள். இனிக் காசாகச் செல்லாது, வெறும் தங்கம் என்று காட்ட வெட்டியிருக்கலாம் என்கிறார்கள் நாணய ஆய்வாளர்கள்.