செமிலிங் வட்டார வீட்டுத் தோட்டங்களில் மூங்கிலின் குளிர் தாங்கும் திறன்: ஓர் ஆய்வு

மேல்நாட்டில் மூங்கில் வளர்க்கிறவர் கடைக்காரரிடம் கேட்கிற முதல் கேள்வி, இது எத்தனை டிகிரிக் குளிர் தாங்கும் என்பதுதான். நடுச்சீன மலைகளிலிருந்து போன ஃபார்ஜீசியா நிட்டிடா மைனஸ் 29 வரை தாங்கும் என்று அங்குள்ள நாற்றுப் பண்ணைகள் எழுதி வைத்திருக்கின்றன. ஃபில்லோஸ்டாக்கிஸ் வகைகளில் சிலவும் அதை ஒட்டி வரும். இப்படி மலைபோல் குவிந்து கிடக்கும் அறிவில் கெடா மாநிலம், கோல மூடா மாவட்டம், செமிலிங்கைப் பற்றி ஒரு வரி கிடையாது. நம் ஊர் மூங்கிலும் மூங்கில்தானே? அக்குறையைப் போக்க எழுந்ததே இக்கட்டுரை.

ஆய்வுக்களம் பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில், குனோங் ஜெராய் மலையைப் பார்த்தபடி இருக்கிறது. வரலாற்றுச் சான்றுகள் குளிருக்கு ஆதரவாக இல்லை. 1025இல் ராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தைத் தாக்கிய செய்தி தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் இருக்கிறது; வீரர்களுக்குக் கம்பளி வழங்கியதாக அதில் இல்லை. பக்கத்துச் சுங்கை பத்துவில் அகழ்ந்தெடுத்தவை இரும்பு உருக்கிய உலைகள் என்று தொல்லியலார் சொல்கிறார்கள். ஊரார் குளிர்காய மூட்டிய தீயாக அது இருக்கலாமோ என்ற கோணத்தில் இதுவரை எவரும் ஆராயவில்லை. இத்துறையின் மெத்தனத்துக்கு இது ஒன்றே போதும்.

அமெரிக்க வேளாண் துறை தாவரங்களுக்காக ஒரு குளிர் வரைபடம் வைத்திருக்கிறது. ஓரிடத்தின் ஆண்டுக் கடுங்குளிரை வைத்து நாட்டை மண்டலங்களாகப் பிரிப்பார்கள். 2012ஆம் ஆண்டுப் பதிப்பில் 12, 13 என்று இரண்டு மண்டலங்களைப் புதிதாகச் சேர்த்தார்கள். 13ஆம் மண்டலத்தில் கடுங்குளிர் என்றால் ஏறக்குறைய 16 முதல் 21 டிகிரி வரை. செமிலிங்கை அந்த வரைபடத்தில் ஒட்டுவதானால் இந்தக் கடைசிப் பெட்டியில், அதிலும் அதன் வாசற்படியில்தான் ஒட்ட வேண்டும். மலேசியாவிலேயே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி, அது 1978 பிப்ரவரியில் கேமரன் மலையில். நம் ஊரில் விடியற்காலையில் 23 இருக்கும். விடாமல் மழை பெய்தால் இன்னும் ஒன்றிரண்டு இறங்கும்.

அந்த ஒன்றிரண்டில் நடப்பவற்றைக் கவனித்தோம். வேலியோரம் நிற்கும் மஞ்சள் மூங்கிலுக்கு எதுவும் ஆகவில்லை. அது மைனஸ் இரண்டு மூன்று வரைகூடத் தாங்கும் சாதி. சயாம் மூங்கிலும் அசையவில்லை. ஆனால் தோட்டத்து லயத்திலிருந்து தாமான் வீட்டுக்குக் குடிவந்த தாத்தா, தலையில் துண்டைக் கட்டி, நெற்றியில் கோடாலித் தைலம் தடவி, சூடான காப்பி-ஓவைக் கையில் பிடித்துக்கொண்டு, "எலும்பு வரைக்கும் ஏறுதுப்பா" என்றார். நாற்பது வருடம் இருட்டோடு எழுந்து பெரட்டுக்கு ஓடி, பனி சொட்டும் பால்மரம் வெட்டியவர் அவர். ஆக, குளிர் தாங்கும் வரிசையில் மூங்கில் முதலாவது, தாத்தா இரண்டாவது. இருபது டிகிரி ஏர்கோனில் போர்வை கேட்கும் பேரப்பிள்ளைகளை வரிசையில் சேர்க்கவில்லை.

ஏர்கோன் என்றதும் ஒரு கிளைச் செய்தி. கடைக் கல்லாப்பெட்டிகளின் மேல் கண்ணாடிச் சாடியில் சுருண்டு நிற்கும் 'லக்கி பேம்பூ', செமிலிங்கில் நாளெல்லாம் குளிரில் நிற்கிற ஒரே மூங்கில் என்று வாதிடலாம். வாதம் நிற்காது. அது மூங்கிலே இல்லை. டிரசீனா, ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. ஆய்விலிருந்து நீக்கப்பட்டது.

உறைநிலைச் சோதனைக்காக மூங்கில் கிளையொன்றை ஐஸ்பெட்டியில் மீனுக்கும் கோழிக்கும் நடுவே வைக்க விண்ணப்பித்தோம். நெறிமுறைக் குழு, அதாவது வீட்டுக்காரி, அனுமதி மறுத்துவிட்டார்.

இங்கேதான் ஆய்வு திசை மாறுகிறது. குளிர்நாட்டில் மூங்கில் எப்படிச் சாகிறது என்று தேடினால், பல நேரங்களில் அதைக் கொல்வது நேரடிக் குளிர் இல்லை, தாகம். மண் உறைந்துவிடும், வேர் தண்ணீர் இழுக்க முடியாது. மூங்கிலோ இலையை உதிர்த்துவிட்டு உறங்கும் மரம் இல்லை. காற்று இலையிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். இலை நீளவாக்கில் சுருளும், நுனி கருகும், பிறகு வைக்கோல் நிறம் வரும். அதனால்தான் அங்கே அடித்தூரில் காய்ந்த இலையைக் குவித்து மூடாக்குப் போடச் சொல்கிறார்கள், மண் உறைவதற்கு முன் நன்றாகத் தண்ணீர் ஊற்றவும் சொல்கிறார்கள்.

இனி செமிலிங்குக்கு வாருங்கள். சனவரி, பிப்ரவரியில் வடகிழக்குக் காற்று கிழக்குக் கரையில் மழையைக் கொட்டிவிட்டு, தித்திவாங்சா மலைத்தொடரைத் தாண்டி வறண்டு வருகிறது. மண் உறையவில்லை, கட்டாந்தரை ஆகிறது. வேருக்கு இரண்டும் ஒன்றுதான். வீட்டுப் பின்புறத்து மூங்கிலின் இலை நீளவாக்கில் சுருள்கிறது, நுனி கருகுகிறது, வைக்கோல் நிறம் வருகிறது. நோய்க்குறி ஒன்றாக இருந்தால் நோயும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எனவே செமிலிங்கில் குளிர்காலம் உண்டு. அது பிப்ரவரி மதியம் 35 டிகிரியில் உச்சத்தை அடைகிறது.

வாசகர் சிரிப்பதற்கு முன் ஒரு பழைய சாட்சியை விசாரிக்க வேண்டும். இதே வறட்சியில் ரப்பர் மரங்கள் இலையை எல்லாம் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும். வெள்ளைக்காரத் துரைமார் அதற்கு 'விண்டரிங்' என்று பேர் வைத்து, சட்டை நனைய வியர்த்தபடி ஏட்டில் எழுதினார்கள். அந்த வாரங்களில் பால் குறையும். புதுத் தளிர் வந்து முற்றும் வரை வெட்டு மந்தம்தான். கிலோ கணக்கில் கூலி வாங்கிய குடும்பத்துக்குக் கையில் வருவதும் குறையும். சரக்குக் கடைக் கடன் ஏட்டில் பக்கம் கூடும். நம் ஆட்கள் அனுபவித்த உண்மையான குளிர்காலம் அதுதான். அதற்குக் கம்பளி உதவாது. தாத்தாவும் இந்த இடத்தில் தைலத்தைக் கீழே வைத்துவிட்டுத் தலையாட்டினார்.

ஆய்வின் முடிவு நடைமுறைக்கு எளியது. மைனஸ் 29 தாங்கும் சீன மூங்கிலை அதிக விலை கொடுத்து வரவழைக்காதீர்கள். மலைக்குளிருக்குப் பழகிய அது நம் தாழ்நில வெக்கையில் தேறாது. தூர்கட்டி வளரும் நம் ஊர் வகையே போதும். பிப்ரவரி வந்தால் சாயங்காலம் அடித்தூரில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றுங்கள். உதிர்ந்த சருகைத் தூரிலேயே குவித்து வையுங்கள். அதைக் கூட்டிப் பெருக்கி வேலியோரம் கொளுத்தும் அண்டை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள்: நீங்கள் எரிப்பது மூங்கிலின் போர்வை. சுற்றுப்புறத் தரச் சட்டம் 1974இன்படி திறந்தவெளியில் எரிப்பது குற்றமும்கூட.